பொறுக்க முடியாத சொற்கள்

வயிறு எரியும், கண் கடிக்கும், ஜுரம் அடிக்கும். பொறாமைக்கு இந்திய மொழிகள் வைத்திருக்கும் பெயர்கள் ஏராளம். அந்தப் பெயர்களை யார் யாருக்குச் சூட்டுகிறார்கள் என்பதுதான் விஷயம்.

பெண் குழந்தைக்குப் பொறாமை என்று யாரும் பெயர் வைப்பதில்லை. பொறாமை இல்லாதவள் என்ற பெயரோடு இந்த நாட்டில் எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். அனசூயா என்ற பெயரின் நேர்ப் பொருள் அதுதான்: அசூயை அற்றவள். தமிழ்நாட்டில் அது அனுசுயா ஆகிவிட்டது. முன்னால் நின்ற எதிர்மறை தேய்ந்துபோனதில், பெயருக்குள் ஒரு குணம் ஒளிந்திருப்பது கூப்பிடுகிறவர்களுக்கே தெரிவதில்லை.

முதல் அனசூயா அத்ரி முனிவரின் மனைவி. வால்மீகியின் அயோத்தியா காண்டம் முடியும் இடத்தில், வனவாசம் வந்த சீதை அவளுடைய ஆசிரமத்துக்கு வருகிறாள். இவள் தவத்தில் தளர்ந்த கிழவி. அவள் இளம் பெண், பேரழகி. கிழவி தன்னிடமிருந்த மாலை, ஆடை, ஆபரணம், பூச்சு எல்லாவற்றையும் சீதைக்குக் கொடுத்து, தன் கண் முன்னாலேயே அணிந்துகொள்ளச் சொல்கிறாள். அணிந்து வந்தவளைப் பார்த்துப் பூரித்துப் போகிறாள். இதே காண்டத்தின் தொடக்கத்தில்தான், ராமனுக்குப் பட்டாபிஷேகம் என்று ஊரே அலங்கரிக்கப்பட்டிருப்பதை மாடத்திலிருந்து பார்த்துப் பொறுக்க முடியாமல் மந்தரை படியிறங்கி வருகிறாள். பொறுக்காதவளில் தொடங்கி பொறாமையற்றவளில் முடியும் காண்டம்.

சமஸ்கிருதத்தில் இந்த உணர்ச்சிக்கு ஒரு சொல் போதவில்லை. அமரசிம்மனின் ‘அமரகோசம்’ இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்துக் காட்டுகிறது. ஈர்ஷ்யை என்றால் பொறுக்காமை. அசூயை என்றால், குணத்திலும் குற்றம் ஏற்றிச் சொல்வது. முன்னது மனதோடு நிற்கிறது. பின்னது வேலையை ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு நல்ல வேலை கிடைத்த செய்தி கேட்டு ஒருவருக்கு இரவு தூக்கம் வரவில்லை என்றால் அது ஈர்ஷ்யை. மறுநாள் காலை டீக்கடையில் “எவ்வளவு கொடுத்தானோ, யாரைப் பிடித்தானோ” என்று ஆரம்பித்தால் அது அசூயை. கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் கிருஷ்ணன் பெரிய ரகசியத்தைச் சொல்லத் தொடங்குமுன் அர்ஜுனனுக்கு ஒரு தகுதிச் சான்று தருகிறான்: நீ அசூயை இல்லாதவன். சிஷ்யனிடம் அவன் எதிர்பார்த்தது நல்லதில் நொட்டை தேடாத மனம் என்பது, அமரகோசத்தின் பிரிவினையை நினைவில் வைத்துப் படித்தால்தான் விளங்குகிறது. பரதரின் நாட்டிய சாஸ்திரம் பட்டியலிடும் முப்பத்து மூன்று வந்துபோகும் உணர்ச்சிகளில் அசூயையும் ஒன்று. புருவத்தை நெரித்து, அடுத்தவரின் பெருமையை அலட்சியப்படுத்தி, அதை நடித்துக் காட்ட வேண்டும். ஈர்ஷ்யையை மறைத்துவிடலாம். அசூயை முகத்துக்கு வந்துவிடுகிறது.

மூன்றாவதாக மாற்சரியம். காமம், குரோதம் என்று எண்ணிக்கொண்டு போகும் ஆறு உட்பகைகளில் கடைசியாக நிற்பது. இதே சொல் பாலி மொழியில் மச்சரியம் ஆகும்போது அதற்குக் கஞ்சத்தனம் என்று பொருள். பொறாமைக்கு பௌத்தர்கள் இஸ்ஸா என்று வேறு சொல் வைத்திருந்தார்கள். தன்னுடையது அடுத்தவனுக்குப் போகக் கூடாது என்பது ஒன்று. அடுத்தவனிடம் இருப்பது அவனிடம் இருக்கக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதை வள்ளுவரும் கண்டிருக்கிறார். ஒருவன் இன்னொருவனுக்குக் கொடுப்பதைப் பார்த்தே பொறுக்காதவன் ஒருவன் அவருடைய அதிகாரத்தில் வருகிறான். கொடுப்பது இவன் பணமல்ல, பெறுவதும் இவனல்ல. ஆனாலும் எரிகிறது. பௌத்தர்களே இதற்கு நேர் எதிரான முதிதை என்ற சொல்லையும் தந்தார்கள். பிறர் நன்றாக இருப்பதில் வரும் மகிழ்ச்சி. நம் வீட்டுப் பேச்சில் அதற்கு இணையான ஒற்றைச் சொல்லைத் தேடினால் கிடைப்பதில்லை.

தமிழின் பொறாமை என்ற சொல் அமரகோசம் ஈர்ஷ்யைக்குத் தரும் விளக்கம் அப்படியே சொல்லானதுபோல் இருக்கிறது. பொறு என்ற வினையின் மறுப்பு; தாங்கிக்கொள்ள முடியாமை. தெலுங்கிலும் ஓர்வலேனிதனம் என்றால் இதுவே. சுமக்க முடியாதது என்ன என்பதைச் சொல் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை என்று இரண்டு மொழிகளும் நினைத்திருக்கின்றன. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் பட்டியலிலேயே பொறாமை இருக்கிறது. வள்ளுவரோ அதிகாரத் தலைப்புக்கு அழுக்காறாமை என்பதை எடுத்துக்கொண்டார். அவ்வியம் என்று இன்னொரு சொல்லையும் அதே அதிகாரத்தில் கையாளுகிறார். அது ஔவியம் என்ற உருவில் ஆத்திசூடியில் ஔ எழுத்துக்கு உதாரணமாகி, பொருள் தெரியாமலே தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளின் வாயில் உருள்கிறது.

குறளில் சொற்களைவிட அதிகாரங்களின் வரிசை இன்னும் கெட்டிக்காரத்தனமானது. முதலில் பொறையுடைமை, அடுத்து அழுக்காறாமை, பிறகு வெஃகாமை, அதன்பின் புறங்கூறாமை. பொறுமை போனால் பொறாமை, பொறாமை முற்றினால் அடுத்தவன் பொருள் மேல் ஆசை, அதுவும் நடக்காவிட்டால் அவனைப் பற்றிப் புறம்பேசுதல். சமஸ்கிருதக்காரர்கள் அகராதியில் பிரித்ததை இவர் நான்கு அதிகாரங்களாக அடுக்கியிருக்கிறார்.

வங்கத்தில் இதைப் பற்றி ஒரு பெருமையும் உண்டு, அல்லது சிறுமை. பரஶ்ரீகாதரதா என்ற நீண்ட சொல்: பிறர் செல்வம் கண்டு நோவது. ஷேக் முஜிபுர் ரஹ்மானின் முடிவுறாத தன்வரலாறு, அவர் சிறையில் எழுதியது, 2012-இல் வெளிவந்தது. ஈர்ஷ்யையும் துவேஷமும் எல்லா மொழியிலும் உண்டு, இந்தச் சொல் மட்டும் வங்காளியைத் தவிர வேறு யாரிடமும் இருக்காது என்று அதில் அவர் கசப்போடு எழுதியிருக்கிறார். அண்ணன் உயர்ந்தால் தம்பிக்குப் பிடிக்காத சமூகம் என்பது அவருடைய வருத்தம். பரிமேலழகரை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. அழுக்காறுக்கு அந்த உரைகாரர் தரும் பொருளும் பிறர் ஆக்கத்தைப் பொறாமைதான். தன் இனத்துக்குத்தான் இந்த நோய் அதிகம் என்று எல்லா இனத்தாரும் நினைப்பதும் அந்த நோயைப் போலவே பொதுவானது போலிருக்கிறது.

வங்காளிகளின் உண்மையான தனிச்சொத்து வேறு. ஹிம்சை என்ற சொல் நாடு முழுக்கக் கொடுமையைக் குறிக்கும்போது, கொல்கத்தாவில் ஒரு பள்ளிப் பிள்ளை தோழியைப் பார்த்து “உனக்கு ஹிங்ஷா” என்றால் உனக்குப் பொறாமை என்று அர்த்தம். பொறாமை பிடித்தவன் ஹிங்ஷுட்டே. கொடுமை என்ற பொருளும் அங்கே அப்படியே இருக்கிறது. உணர்ச்சிக்கும் செயலுக்கும் இடையில் வேலி எதுவும் போடாமல் ஒரே சொல்லில் இரண்டையும் குடிவைத்துவிட்டார்கள்.

வேலி இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு பிரேம்சந்தின் ‘கோதான்’ (1936) போதும். ஹோரி என்ற ஏழை விவசாயியின் வாழ்நாள் ஆசை வாசலில் ஒரு பசு கட்ட வேண்டும் என்பது. பசு வருகிறது. ஊரே வந்து பார்க்கிறது. பிரிந்து வாழும் தம்பி ஹீராவால் அதைப் பொறுக்க முடியவில்லை. பசுவுக்கு விஷம் வைத்துவிடுகிறான். முஜிப் சொன்ன அண்ணன்-தம்பி கதை, வேறு மாநிலத்தில். போலீஸ் வந்து தம்பி வீட்டைச் சோதனை போடுவது குடும்ப மானத்துக்குக் கேடு என்று ஹோரி கடன் வாங்கியாவது அதைத் தடுக்கப் பார்க்கிறான். பொறாமைப்பட்டவனைவிடப் பொறாமைக்கு ஆளானவனுக்கே செலவு அதிகம்.

உடம்பில் இது எங்கே குடியிருக்கிறது என்பதில் மொழிகளுக்குள் ஆச்சரியமான ஒற்றுமை. தமிழில் வயிற்றெரிச்சல், கன்னடத்தில் ஹொட்டெகிச்சு, தெலுங்கில் கடுபுமண்ட. மூன்றும் வயிற்றுத் தீ. மராத்தியில் தீ இல்லை, வலி மட்டும்: போட்துகி. ஹிந்தியின் ஜலன், டாஹ் இரண்டும் எரிவதுதான், இடம் சொல்லாமல். இந்தத் தீ பழையது. சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முந்திய அதர்வ வேதத்தில் ஈர்ஷ்யையைத் தணிக்க மந்திரம் இருக்கிறது. அங்கேயே அது நெஞ்சில் பிடித்த நெருப்பு. தோல் பையிலிருந்து வெப்பக் காற்றைத் திறந்துவிடுவதுபோல் அதை வெளியேற்ற வேண்டும் என்கிறார் மந்திரவாதி. வயிறு என்பதை நேராகவே எடுத்துக்கொண்டவள் காந்தாரி. குந்திக்கு மகன் பிறந்துவிட்டான் என்று கேட்டதும், இரண்டு வருடமாகப் பிள்ளை பிறக்காமல் கனத்துக் கிடந்த தன் வயிற்றிலேயே அடித்துக்கொண்டாள் என்கிறது ஆதிபர்வம். கௌரவர்கள் அப்படித்தான் பிறந்தார்கள். மகாபாரதம் முழுவதையும் ஒரு வயிற்றெரிச்சலின் கதை என்று சொன்னால் வியாசர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வயிற்றுக்கு அடுத்த இடம் கண். குஜராத்தியில் பொறாமைக்கு அதேகாயி என்பார்கள். பார்க்க மாட்டாமை என்று பிரியும் சொல். மலையாளத்தில் கண்ணுகடி. பார்க்க முடியாத கண் பார்த்துவிட்டால் ஆபத்து என்பதிலிருந்து கண்ணேறு, திருஷ்டி, நஸர் எல்லாம் கிளைக்கின்றன. கல்லடியைவிடக் கண்ணடிக்குப் பயப்படச் சொல்கிறது தமிழ்ப் பழமொழி. கட்டி முடியாத மாடிகளில் தொங்கும் பூசணிக்காய் பொம்மையும், கடைவாசல் எலுமிச்சம்பழம்-மிளகாயும், கெட்ட பார்வைக்காரன் முகம் கறுத்துப்போகட்டும் என்று வடநாட்டு லாரிகளின் முதுகில் எழுதியிருப்பதும் ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கின்றன: நம் மேல் யாருக்கோ பொறாமை.

யாருக்கோ. இந்தச் சொற்களின் இலக்கணத்தில் முக்கியமான விதி இதுதான். நீ, அவன், அவள், அவர்கள் எல்லோரோடும் சேரும். ‘நான்’ என்பதோடு மட்டும் சேராது. ஹிந்தி விமர்சகர் ராமசந்திர சுக்ல தன் ‘சிந்தாமணி’ கட்டுரைகளில் ஈர்ஷ்யைக்கும் போட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை அழகாகப் பிரித்தார். போட்டி பொருள் மேல் வருகிறது, ஈர்ஷ்யை ஆள் மேல் வருகிறது. அவனிடம் இருப்பது எனக்கும் வேண்டும் என்பது போட்டி. எனக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அவனிடம் இருக்கக் கூடாது என்பது ஈர்ஷ்யை. கவிஞர் தின்கரோ ஒரு கட்டுரைக்கு, ஈர்ஷ்யையே, நீ என் மனதை விட்டுப் போகவில்லையே என்று பொருள்படும் தலைப்பு வைத்தார். தலைப்பில் ‘என் மனம்’. கட்டுரைக்குள் போனால் முதலில் எதிர்ப்படுகிறவர் வலதுபக்கத்து வீட்டு வக்கீல். நன்றாகச் சாப்பிடுகிற, நல்ல வருமானமுள்ள அந்த மனிதருக்கு, பக்கத்து இன்ஷூரன்ஸ் ஏஜெண்டின் மோட்டார் காரை நினைத்தால் சுகமில்லை. தன் மனதைப் பற்றி எழுத உட்கார்ந்தவருக்கும் அடுத்த வீட்டு ஜன்னல்தான் முதலில் தெரிந்திருக்கிறது. நிந்தை என்பது ஈர்ஷ்யையின் மூத்த மகள் என்று அவர் சொல்லும் இடத்தில் அமரகோசத்தின் அசூயை வேறு பெயரில் திரும்பி வருகிறது.

‘எனக்குப் பொறாமை’ என்று சபையில் சொன்ன ஒருவன் துரியோதனன். ராஜசூய யாகத்திலிருந்து திரும்பியவன், கோடையில் வற்றும் சிறு குட்டைபோல் உலர்ந்துகொண்டிருக்கிறேன் என்று மறைக்காமல் சொல்கிறான். போதும் என்று நினைக்காததுதான் செல்வத்துக்கு வேர் என்று அரசியலும் பேசுகிறான். முதல் பாகம் 1912-இல் வெளிவந்த ‘பாஞ்சாலி சபத’த்தில் பாரதி இந்தப் பொறாமைக்குத் தாராளமாக இடம் ஒதுக்கினார். தாகூர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1900-இல் வெளியான ‘காஹினி’ தொகுப்பில் உள்ள ‘காந்தாரியின் வேண்டுகோள்’ என்ற நாடகக் கவிதையில் துரியோதனன் தந்தையிடம் தன் பொறாமைக்காக வழக்காடுகிறான். பொறாமை அற்பர்களின் குணமல்ல, பெரியவர்களின் தர்மம் என்பது அவன் வாதம். லட்சக்கணக்கான புற்கள் ஒட்டி வாழலாம், இரண்டு பெருமரங்களுக்கு நடுவே இடைவெளி வேண்டாமா? வீட்டுப் பேச்சின் ஹிங்ஷா என்ற சொல்லை இந்த இடத்தில் தாகூர் தொடவில்லை. ஈர்ஷா என்ற சமஸ்கிருதப் பட்டாடையைப் போர்த்தித்தான் அவனைப் பேச வைக்கிறார்.

அவனுக்குப் பொறாமைக்காரன் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதே ஆதிபர்வத்தில் இன்னொரு காட்சி. காட்டில் குரைத்த நாயின் வாயை ஏழு அம்புகளால் அடைத்த வேடச் சிறுவன் ஏகலவ்யன். அதைப் பார்த்த அர்ஜுனன் தனியாகத் துரோணரிடம் போய், உம் மாணவர்களில் என்னைவிடச் சிறந்தவன் இருக்கமாட்டான் என்றீரே என்று நினைவூட்டுகிறான். துரோணர் போய் வலது கட்டைவிரலைக் கேட்டு வாங்கி வருகிறார். அதன்பின் அர்ஜுனன் மகிழ்ந்தான், அவனுடைய ஜுரம் நீங்கியது என்கிறார் வியாசர். ஜுரம்! அசூயை இல்லாதவன் என்று பின்னால் சான்று வாங்கப் போகிறவனுக்கு வந்தது நோய் மட்டுமே, குணம் இல்லை. கதாகாலட்சேபங்களில் துரியோதனனுக்குத் தாராளமாக வழங்கப்படும் சொல் இந்த இடத்துக்கு வரும்போது சுருங்கிவிடுகிறது. மேலே இருப்பவன் கீழே இருப்பவனைப் பார்த்துப் பட்டதற்கு வாக்கு, குருதட்சிணை என்று கௌரவமான பெயர்கள் கிடைத்துவிட்டன.

எதிர்த் திசையில் இந்தப் பெயர் வெகு சுலபமாக ஒட்டுகிறது. பங்கு கேட்கிறவனுக்குப் பொறாமை என்பது இந்தியாவில் மிகப் பழைய பதில், புதிய பதிலும் அதுவே. வாரிசுச் சொத்துகள் மீதான எஸ்டேட் வரி 1985-இல் போனது. செல்வ வரி 2015 பட்ஜெட்டில் ஒழிக்கப்பட்டது. அவற்றைத் திரும்பக் கொண்டுவரலாமா என்ற பேச்சு எழும்போது, நல்லதோ கெட்டதோ கணக்குப் பார்த்துச் சொல்வதற்கு முன்பே, இது பொறாமை அரசியல் என்ற பதில் வந்துவிடுகிறது. சுக்ல பிரித்துக் காட்டிய கோடு, எனக்கும் வேண்டும் என்பதற்கும் அவனுக்கு வேண்டாம் என்பதற்கும் நடுவே உள்ள கோடு, இப்படித்தான் அழிகிறது.

பொறாமையை முதல் நபரில் சொல்ல வெட்கப்படாத ஓர் இலக்கியம் உண்டு. உருது கஜல். அந்த மொழியில் இரண்டு சொற்கள். ஹஸத் என்றால் அவன் கெட்டுப்போக வேண்டும் என்ற கெட்ட எண்ணம். குர்ஆனின் 113-ஆம் அத்தியாயம் பொறாமைக்காரனிடமிருந்து இறைவனிடம் காவல் கேட்பது அதற்காகவே. பாரசீகத்திலிருந்து வந்த ரஷ்க் வேறு சாதி. ஏக்கம், வியப்பு, காதல் எல்லாம் கலந்தது. அழகியை ரஷ்க்-ஏ-கமர் என்றால், நிலவே பார்த்துப் பொறாமைப்படுகிறவள். நுஸ்ரத் ஃபதே அலி கான் பாடிய கவ்வாலி ஒன்று 2017-இல் ‘பாத்ஷாஹோ’ ஹிந்திப் படத்துக்கு வந்ததிலிருந்து உருது தெரியாதவர்களும் இந்தச் சொல்லைக் கல்யாண வீடுகளில் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு அர்த்தம் விசாரிக்கிறவர்கள் குறைவு.

ரஷ்க்கின் சக்கரவர்த்தி டெல்லியின் மிர்சா காலிப் (1797-1869). அவருடைய காதலனுக்குக் காதலியின் வீட்டின் பெயரை வெளியே சொல்லக்கூடப் பொறாமை. ஆகவே பெயர் சொல்லாமல், நான் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வழியில் போகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கிறான். விடைபெறும்போது கடவுள் காப்பாற்றட்டும் என்று சொல்வது வழக்கம். கடவுளிடம்கூட அவளை ஒப்படைக்க இவனுக்கு மனமில்லை. கடைசியில் அவளைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தபோது, அந்தப் பாக்கியம் பெற்றவன் மேலேயே, அதாவது தன் மேலேயே, பொறாமை வந்து பார்க்க முடியாமல் போகிறது. குஜராத்தியின் பார்க்க மாட்டாமை டெல்லிக்கு வந்து இப்படி ஒரு வடிவம் எடுத்திருக்கிறது. சிரிப்பு வருகிறது, சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

இந்தக் கவிதைகளின் நிரந்தர வில்லன் ரகீப், அதாவது போட்டிக் காதலன். அரபியில் அதன் மூலப்பொருள் கண்காணிப்பவன், காவல்காரன். இறைவனின் 99 திருநாமங்களில் ஒன்றாகவும் அது இருக்கிறது. காவல்காரன் என்ற சொல் காலப்போக்கில் எதிரியாகிவிட்டது. அந்த எதிரியை ஃபைஸ் அகமது ஃபைஸ் நண்பனாக்கினார். 1941-இல் வெளியான அவருடைய முதல் தொகுப்பு ‘நக்ஷ்-ஏ-ஃபர்யாதி’யில் ரகீபைப் பார்த்துப் பேசும் கவிதை இருக்கிறது. நாம் இரண்டு பேரும் ஒருத்தியையே விரும்பினோம், நாம் இழந்தது என்ன என்று உனக்கு மட்டும்தான் புரியும் என்று காதலன் போட்டியாளனிடம் மனம் திறக்கிறான். பிறகு கவிதை திடீரென்று தெருவுக்கு வருகிறது. அந்தக் காதலில் கற்றுக்கொண்டது ஏழைகளின் பக்கம் நிற்பது என்கிறான். சந்தையில் தொழிலாளியின் சதை விற்கப்படும்போது நெஞ்சில் ஒரு தீ கொதித்துக் கிளம்புகிறது என்கிறான். அதர்வ வேதத்திலிருந்து எரிந்து வரும் அதே நெஞ்சுத் தீ. ஆனால் இதைப் பொறாமை என்று யாராலும் சொல்ல முடியாது.

தமிழ் இந்த இரண்டு தீயையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. வயிற்றெரிச்சல் என்றால் பொறாமை என்பது பாதிப் பொருள்தான். “அவன் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதே” என்று பெரியவர்கள் எச்சரிக்கும்போது அங்கே எரிகிற வயிறு ஏமாற்றப்பட்டவனுடையது. விதவையின் நிலத்தை எழுதி வாங்கியவனுக்கும், வட்டிக்கு மேல் வட்டி வாங்கியவனுக்கும் ஊர் சொல்கிற எச்சரிக்கை அது. சாபத்துக்குச் சமமானது. எது எந்த வயிற்றெரிச்சல் என்பதை அகராதி சொல்லாது, பேசுகிற வாய்தான் சொல்லும். கூலியை உயர்த்திக் கேட்டு வாசலில் நின்றவர்கள் போனதும், “வயிற்றெரிச்சல் பிடித்த பயல்கள்” என்கிறார் திண்ணையில் இருப்பவர். தெருமுனை திரும்பும்போது அந்தக் கூட்டத்தில் ஒரு கிழவி சொல்கிறாள்: “எங்க வயித்தெரிச்சல் இவரைச் சும்மா விடாது.”